நெஞ்சுல பேட்டரி இருக்கா ஆச்சி?

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியில் என் பிசியோதெரபி அறைக்கு வருகிற கூட்டம் மாறிவிடும். மற்ற மாதங்களில் இந்தப் பக்கத்து ஆட்கள்தான்: பீடி சுற்றிச் சுற்றிக் கழுத்து இறுகிப்போன பெண்கள், பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், முழங்கால் தேய்ந்த பெரியவர்கள். ஜூன் பிறந்ததும் குற்றாலத்துக்கு வந்த வெளியூர்க்காரர்களும் சேர்ந்துகொள்வார்கள். ஐந்தருவியில் வழுக்கி விழுந்தவர், ராத்திரி முழுக்க வேன் ஓட்டி வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர், மெயின் அருவிப் பக்கம் எண்ணெய் மசாஜுக்கு உட்கார்ந்து தோளைச் சுளுக்கிக்கொண்டவர். யாராக இருந்தாலும், வலி குறையத் தோல்மேல் சின்னச் சின்ன மின்துடிப்பு கொடுக்கிற டென்ஸ் பெட்டியை மேசைமேல் கண்டதும் ஒரே கேள்விதான். "கரண்ட் நெஞ்சுக்குப் போயிராதே சார்?"

நியாயமான கேள்வி. "ஒண்ணும் ஆகாது, படுங்க" என்று சொல்லிவிட்டு பேடை ஒட்டுவதுதான் எங்கள் தொழிலில் வழக்கம். அந்தப் பதில் பெரும்பாலும் சரியும்கூட. ஆனால் சரியாக இல்லாத இடங்கள் சில உண்டு. அதில் பெரிய இடம், கேட்கிறவரும் சொல்கிறவரும் நினைக்கிற திசையில் இல்லை.

டென்ஸ் செய்கிற வேலையைக் குற்றாலத்துக்காரருக்கு விளக்குவது சுலபம். முதுகு வலியோடு போய் அருவிக்கடியில் நிற்கிறீர்கள். தண்ணீர் தோளிலும் முதுகிலும் தடதடவென்று அடிக்கிறது. நிற்கிற மட்டும் வலி தெரிவதில்லை. வெளியே வந்து தலை துவட்டி முடித்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி எட்டிப்பார்க்கும். தொடுதலையும் அழுத்தத்தையும் சுமக்கிற நரம்புகள் பருத்தவை, வேகமானவை. வலியைச் சுமப்பவை மெலிந்தவை, மெதுவானவை. இரண்டும் தண்டுவடத்தில் வந்து சேர்கிற இடத்தில், பருத்த நரம்புகளின் செய்தி வலியின் செய்தியை அமுக்கிவிடுகிறது என்று ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் 1965இல் எழுதினார்கள். வலிக்கு வாசல் ஒன்று இருக்கிறது, அதைச் சாத்த முடியும் என்பது அந்தக் கோட்பாடு. இரண்டு வருடம் கழித்து வாலும் வில்லியம் ஸ்வீட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரும் மின்சாரத்தால் அந்த வாசலைச் சாத்திப் பார்த்தார்கள். முதலில் தங்கள் முகத்து நரம்பிலேயே சோதித்துக்கொண்டார்கள். நார்மன் ஷீலி என்ற அமெரிக்க மருத்துவர் தண்டுவடத்தில் மின்கருவியைப் பதிக்கும் சிகிச்சையைக் கொண்டுவந்தபோது, யாருக்கு அது பலிக்கும் என்று முன்கூட்டிப் பார்க்கத் தோலுக்கு மேலேயே மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள். பலருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. சோதனைக்கு வந்த கருவி சிகிச்சைக் கருவியான கதை அது. சட்டைப் பையில் அடங்கும் இன்றைய டென்ஸ் பெட்டி அதன் வாரிசு.

இனி நெஞ்சு விஷயம். ஒரு பொறியியல் மாணவன், கணுக்கால் சுளுக்கோடு வந்தவன், பெட்டியின் முதுகில் அச்சடித்திருந்த எண்ணைப் படித்துவிட்டு என்னை மடக்கினான். "இதுல 80 மில்லி ஆம்பியர் வரைக்கும் போகும்னு போட்டிருக்கு. வீட்டு கரண்ட் 100 மில்லி ஆம்பியர் ஒரு செகண்ட் நெஞ்சு வழியா போனா ஆளு காலின்னு படிச்சிருக்கேன். ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் இல்லையே சார்?"

வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் 10 மில்லி நொடி ஒரு பக்கம் தள்ளும், 10 மில்லி நொடி மறுபக்கம் தள்ளும். டென்ஸின் ஒரு துடிப்பு நீடிப்பது 0.05இலிருந்து 0.25 மில்லி நொடிவரைதான். நரம்பு சுறுசுறுப்பானது, இத்தனை சின்னத் தட்டலுக்கே விழித்துக்கொள்ளும். இதயத் தசை மந்தமானது. அதை எழுப்பத் தட்டல் நீளமாக இருக்க வேண்டும். அவனுக்கு ஒரு கணக்கும் போட்டுக் காட்டினேன்: 80 மில்லி ஆம்பியர், ஒரு துடிப்பு 0.2 மில்லி நொடி, நொடிக்கு 100 துடிப்பு என்று வைத்தாலும் சராசரி 1.6 மில்லி ஆம்பியர்தான் வருகிறது. அதோடு 80 வரைக்கும் யாரும் போவதுமில்லை. முப்பதைத் தொடுவதற்குள் "போதும் சார்" என்று சொல்லிவிடுவார்கள்.

இதற்கு இன்னொரு அத்தாட்சி இதய மருத்துவத்திலேயே இருக்கிறது. நின்றுபோகிற இதயத்தை நெஞ்சுக்கு மேலிருந்தே மின்சாரம் கொடுத்துத் துடிக்க வைக்கலாம் என்று 1952இல் பாஸ்டனில் பால் ஸோல் செய்து காட்டினார். இன்றும் ஐ.சி.யு.வில் அந்த முறை உண்டு. அதற்கு நெஞ்சில் உள்ளங்கையை விடப் பெரிய பட்டைகளை ஒட்டி, ஒவ்வொரு துடிப்பையும் 20இலிருந்து 40 மில்லி நொடி நீட்டி, பெரும்பாலும் 50க்கும் 100க்கும் இடையே மில்லி ஆம்பியர் கொடுக்க வேண்டியிருக்கிறது. துடிக்க வைத்தே தீருவது என்று மெனக்கெடும்போதே இவ்வளவு தேவைப்படுகிறது. முழங்காலில் ஒட்டிய இரண்டு பேடுகளுக்கு நடுவே ஓடுகிற மின்சாரம், டென்ஸின் சின்னத் துடிப்போடு, வழி தவறிப்போய் இதயத்தைப் பிடித்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. 2022இல் 381 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு பெரிய தொகுப்பும் டென்ஸ் வைத்திருக்கும்போதும் எடுத்த கையோடும் வலி குறைகிறது, கடுமையான கெடுதல் தென்படவில்லை என்றே சொன்னது.

மாணவன் ஒப்புக்கொண்டான். சுளுக்கு என்னவோ ஐஸ் வைத்ததில்தான் சரியானது.

இதெல்லாம் பெட்டியும் அறையும் ஒழுங்காக இருக்கும் வரைக்கும்தான். பேட்டரியில் ஓடுகிற டென்ஸ் வேறு, சுவர் பிளக்கில் செருகுகிற பழைய மெஷின் வேறு. பின்னதில் எர்த் சரியில்லாவிட்டால் உடம்பில் பாய்வது டென்ஸ் அல்ல, வீட்டு மின்சாரமாக இருந்துவிடலாம். சீசனில் இந்தக் கவலை எனக்குக் கூடும். அருவியிலிருந்து நேராக, ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சொட்டச் சொட்ட வந்து நிற்பார்கள். தரை நனைந்துவிடும். நனைந்த தோலில் மின்சாரம் சுலபமாக நுழையும். துடைத்து, உலர்த்தி, ரப்பர் விரிப்பில் காலை வைத்தபிறகுதான் சுவிட்ச் பக்கம் போவேன்.

ஈரத்தைவிட எண்ணெய் ஒரு படி மேல். மசாஜ் முடித்து வந்தவர் தோளில் பேடை ஒட்டினால் ஒரு ஓரம் பிடிக்கும், மறு ஓரம் வழுக்கிக்கொண்டு தூக்கும். மெஷினோ வைத்த அளவு மின்சாரத்தை எப்படியாவது தள்ளுவது என்று பிடிவாதம் பிடிக்கும். பேட் முழுக்கப் பரவ வேண்டியது ஒரு சின்ன இடத்தில் குவிந்து, சுருக்கென்று ஊசி குத்தினாற்போல் இருக்கும். அப்படியொருவர் மேசையிலிருந்து துள்ளி எழுந்து, "ஹார்ட்டைப் பிடிச்சிருச்சு" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றார். பிடித்தது தோல்தான். சோப்புத் தண்ணீரில் எண்ணெயை வழித்துத் துடைத்து, ஜெல்லைச் சீராகத் தடவி, பட்டையை இறுக்கிக் கட்டி, குமிழைச் சுழியத்திலிருந்து திருப்பினேன். இரண்டு நிமிடத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். அப்படித்தான் இருக்க வேண்டும்.

பேட் வைக்கக் கூடாத இடங்கள் உண்டு. கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டில் நாடி துடிக்கிற இடமும் அதில் முதலாவது. இரத்த அழுத்தத்தை அளந்து மூளைக்குச் சேதி அனுப்பும் இடம் அங்கே இருக்கிறது. அதைச் சீண்டினால் நாடி இறங்கி ஆள் மயங்கலாம். நெஞ்சில் ஒரு பேடும் நேர் பின்னே முதுகில் ஒரு பேடுமாக வைத்து இதயத்தை நடுவில் மாட்டுவதும் கூடாது. அடுத்த கட்டிலில் எஸ்.டபிள்யூ.டி. ஓடும்போது டென்ஸ் வைப்பதும் வேண்டாத வேலை. 27.12 மெகாஹெர்ட்ஸில் அலை வீசுகிற அந்தச் சூட்டு மெஷின் பக்கத்தில் இருக்கும் டென்ஸின் அளவைத் திடீரென்று ஏற்றி இறக்கிவிடும். நம் ஊர் சென்டர்களில் நடுவில் இருப்பது ஒரு துணித்திரை. அலைக்குத் திரை தெரியாது.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் விஷயம் தனி. கீழப்பாவூர்ப் பக்கத்திலிருந்து முழங்கால் வலிக்கு ஒரு ஆச்சி வந்தார். படிவத்தில் உள்ளபடி கேட்டேன்.

"ஹார்ட்ல எதும் பிரச்சினை உண்டுமா ஆச்சி?"

"இல்லய்யா, ஒண்ணும் கெடையாது."

சேலைத் தலைப்பு விலகினபோது இடது காறை எலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு மேடு தெரிந்தது. "இது என்னது ஆச்சி?"

"அது பேட்டரிலா வச்சிருக்கு. அதான் சரியாக்கியாச்சே, பெறவு என்ன பிரச்சினை?"

ஆச்சி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பழுதானது, சரிசெய்தாயிற்று, கணக்கு முடிந்தது. அன்றிலிருந்து நான் எல்லோரிடமும் "நெஞ்சுல பேட்டரி வச்சிருக்கா? ஸ்டென்ட் வச்சிருக்கா? நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணியிருக்கா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். கேட்டபிறகும் காறை எலும்புக்குக் கீழே கையை வைத்துப் பார்த்துவிடுவேன்.

பேஸ்மேக்கர் சும்மா தட்டிக்கொண்டே இருக்கிற கருவி அல்ல. இதயம் தானாகத் துடிக்கிறதா என்று முதலில் காது கொடுக்கும். துடித்தால் பேசாமல் இருக்கும், துடிக்காவிட்டால்தான் தட்டும். அது கேட்கிற சேதி சில மில்லி வோல்ட் அளவே. இதற்கு நடுவில் நாம் போய் டென்ஸை நொடிக்கு 2 துடிப்பு என்று வைத்தால், நிமிடத்துக்கு 120. ஓடி வந்த மனிதனின் நாடியும் அதுதான். கருவி அதை இதயத்துடிப்பு என்று நம்பிச் சும்மா இருந்துவிடலாம். பேஸ்மேக்கரையே முழுக்க நம்பியிருக்கிற ஆளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். நொடிக்கு 80, 100 என்று வைத்தால் பெரும்பாலான பேஸ்மேக்கர்கள் அதை இரைச்சல் என்று புரிந்துகொண்டு, கேட்பதை நிறுத்திவிட்டுச் சீராகத் தட்ட ஆரம்பிக்கும். ஆனால் நெஞ்சில் ஐ.சி.டி. என்ற அதிர்ச்சிக் கருவி பதித்தவருக்கு இதே வேகமான வரிசைதான் வினை. இதயம் தறிகெட்டு ஓடுகிறது என்று நினைத்து, முழு விழிப்பில் இருக்கிற மனிதனுக்கு உள்ளிருந்து ஷாக் கொடுத்துவிடலாம். கொடுத்ததாகப் பதிவுகள் இருக்கின்றன.

ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 1988இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் இதழில் வந்த ஆய்வில் 20 வகை பேஸ்மேக்கர் வைத்த 51 பேருக்கு உடம்பில் பல இடங்களில் டென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் தடங்கல் இல்லை. இரண்டே வருடத்தில், நாள் முழுக்க இ.சி.ஜி. எடுக்கிற ஹோல்டர் கருவியை மாட்டிப் பார்த்தபோது இரண்டு பேருக்கு பேஸ்மேக்கர் இடையிடையே அடங்கிப்போனது தெரிந்தது. உணர்திறனை மாற்றி அமைத்ததும் சரியானது. ஐ.சி.டி. வைத்தவர்களைச் சோதித்த ஸ்வீடன் ஆய்வு ஒன்றில் பாதிக்குப் பாதி தடங்கல் தென்பட்டது. இதை வைத்து நான் எடுத்துக்கொண்ட முடிவு: ஐ.சி.டி. என்றால் கிடையவே கிடையாது. பேஸ்மேக்கர் என்றால் அதற்கான அடையாள அட்டையைப் பார்த்து, பேட்டரி வைத்த டாக்டரிடம் கேட்டு, அவர் எழுதிக் கொடுத்தால் மட்டும். எஸ்.டபிள்யூ.டி. ஓடுகிற அறைக்குள்ளேயே அவர்களை விடுவதில்லை. ஆச்சி ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்த அட்டையைக் கொண்டு வந்து காட்டினார். முழங்காலுக்குத்தானே, தூரம்தானே என்று வைத்திருக்கலாம்தான். ஆனால் தொடைத் தசைப் பயிற்சியும் சூட்டு ஒத்தடமும் இருக்கும்போது எனக்கு அந்தத் துணிச்சல் தேவைப்படவில்லை. ஆச்சிக்குத்தான் மனத்தாங்கல். பக்கத்து வீட்டு மதினிக்கு கரண்ட் வைத்தேனாம், அவருக்கு மட்டும் காலை ஆட்டச் சொல்கிறேனாம்.

எதிர்த்திசையிலும் பயம் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவமனையில் இதய வால்வு மாற்றிக்கொண்டவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். 1990இல் முதன்முதலில் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு அங்கேயே உருவானது. அமைதியான அறையில் அதன் 'டிக்டிக்' சத்தம் நமக்கும் கேட்கும். அதில் மின்சாரம் கிடையாது. ஸ்டென்ட்டிலும் கிடையாது, அது ஒரு கம்பிவலைக் குழாய். "ஹார்ட் ஆபரேஷன் ஆனவங்களுக்கு கரண்டே ஆகாது" என்று வலியோடு திருப்பி அனுப்புவதும் சரியில்லை. பைபாஸ் முடித்தவருக்குத் தழும்பின் இருபக்கமும் டென்ஸ் வைத்தால் இருமும்போது வலி குறைகிறது என்று பல ஊர்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். மானிட்டர் மாட்டியிருந்தால் நர்ஸிடம் சொல்லிவிட்டுத்தான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையில் கோடு கன்னாபின்னாவென்று ஓடி வார்டே கூடிவிடும்.

பெரிய இடம் என்று முதலில் சொன்னது இனிமேல்தான் வருகிறது. கரண்ட் இதயத்துக்குப் போவது அபூர்வம். இதயத்து வலி கரண்ட் தேடி என் மேசைக்கு வருவது அபூர்வமே இல்லை. இடது தோள், கையின் உள்பக்கம், தோள்பட்டைகளுக்கு நடு, தாடை, மேல்வயிறு என்று இதயம் தன் வலியை எங்கெங்கோ கொண்டுபோய்க் காட்டும். வருகிறவர் அதற்கு ஒரு பெயரும் வைத்துக்கொண்டே வருவார். வாயுப் பிடிப்பு, குளிர்ந்த தண்ணீரில் நின்றது, மூட்டை தூக்கினது, ராத்திரி ஒருச்சாய்த்துப் படுத்தது.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து ஒரு அண்ணாச்சி இடது தோள் வலி என்று வந்தார். ஐம்பதுக்கு மேல் வயது, சர்க்கரை உண்டு, பீடி உண்டு. கையை மேலே தூக்கச் சொன்னேன், பின்னால் கொண்டுபோகச் சொன்னேன், தடுத்துப் பிடித்துத் தள்ளச் சொன்னேன். எதிலும் வலி இல்லை. கழுத்தைத் திருப்பினாலும் இல்லை. தசையை அழுத்தினாலும் இல்லை. தோளில் கோளாறு இருந்தால் இதில் ஏதாவது ஒன்றிலாவது முகம் சுளிக்க வேண்டும்.

"எப்ப வலிக்கி அண்ணாச்சி?"

"லோடு ஏத்தும்போது. பலகையில நாலு எட்டு வச்சா புடிக்கும். எறக்கி வச்சிட்டு நின்னா விட்டுரும்."

"வலது தோள்ல சுமந்தா?"

"அப்பமும் எடதுலதான் வலிக்கி."

எனக்கு அதுவே போதும். அவருக்குப் போதவில்லை. "நீங்க கரண்ட் வையுங்க சார். போன மாசம் வேறொரு எடத்துல வச்சாவ, வச்ச ஒடனே கொறஞ்சுது. கொறஞ்சா அது நரம்புதானே?"

இந்த வாதம்தான் ஆளை ஏமாற்றும். ஸ்வீடனில் கோதன்பர்க் நகரத்து மருத்துவர் மன்ஹைமரும் கூட்டாளிகளும் 1980களில் ஒரு காரியம் செய்தார்கள். மருந்துக்கும் அடங்காத ஆஞ்சைனா என்ற இதய வலி உள்ள நோயாளிகளுக்கு நெஞ்சிலேயே, வலிக்கிற இடத்திலேயே டென்ஸ் வைத்தார்கள். வலி குறைந்தது. அவர்களால் முன்பைவிடக் கூடுதலாக வேலை செய்யவும் முடிந்தது. அது இதய மருத்துவர்களின் கண்காணிப்பில், நோய் இன்னதென்று தெரிந்துகொண்டு செய்தது. எனக்கு அதில் கிடைக்கிற பாடம் வேறு. இதயத்து வலியையும் டென்ஸ் குறைக்கும் என்றால், டென்ஸுக்குக் குறைந்ததால் அது தசை வலி என்று ஆகிவிடாது. வலி எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பெட்டி சாட்சி சொல்லாது.

அண்ணாச்சியை அப்போதே தென்காசி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன், கூடவே ஒரு ஆளையும் சேர்த்து. சும்மா படுத்திருக்கும்போது எடுக்கிற இ.சி.ஜி. இந்த மாதிரி வலியில் நார்மலாகவே வரலாம் என்பதால், சுமக்கும்போது வருகிறது, நின்றால் போகிறது என்பதைத் துண்டுச் சீட்டில் தடித்த எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்து திருநெல்வேலிக்குப் போனார், ஸ்டென்ட் வைத்துத் திரும்பினார். பிறகு நிஜமான கழுத்து வலியோடு வந்தபோது கழுத்தின் பின்பக்கம் டென்ஸ் வைத்தேன். "இப்பம் மட்டும் வைக்கீயளே" என்று அதற்கும் ஒரு கேள்வி.

ஓய்விலும் நிற்காத வலி, குப்பென்று வியர்ப்பது, மூச்சுத் திணறல், வாந்தி வருகிற மாதிரி இருப்பது: இப்படி யாராவது படியேறினால் சீட்டெல்லாம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், 108தான். ஊர்ப்புறத்தில் இருப்பவர்களுக்கு 2023இலிருந்து 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். சர்க்கரை உள்ள பெண்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். நெஞ்சு வலி என்ற பேச்சே எடுக்காமல் "தாடை வலிக்கி, நெஞ்சு கரிக்கி, ஒரே அசதி" என்றுதான் சொல்வார்கள்.

இப்போது என் அறைக்கு வெளியேதான் டென்ஸ் அதிகம் ஓடுகிறது. கடையநல்லூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருக்கிறார், ஊருக்கு வரும்போது அம்மாவுக்கு மசாஜ் மெஷின் வாங்கி வருகிறார். விளக்கத்தாள் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். ஒரு அம்மா அதை எடுத்துவந்து, "இத எங்கெங்க ஒட்டலாம், எங்க ஒட்டக் கூடாதுன்னு சொல்லுங்க தம்பி" என்றார். சொன்னால் மறந்துபோகும் என்று பெட்டி மூடியிலேயே மார்க்கர் பேனாவால் தமிழில் எழுதிக் கொடுத்தேன்: கழுத்து முன்பக்கம் கூடாது, நெஞ்சில் கூடாது, பேட்டரி வைத்தவர் தொடவே கூடாது, இடது தோள் வலி நடந்தால் வந்து நின்றால் போனால் இதை வைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது தெருவுக்குள் பரவிவிட்டது. ஆளாளுக்கு மூடியை மட்டும் கழற்றிக்கொண்டு வருகிறார்கள். போன வாரம் ஒரு பெரியவர் கொண்டுவந்தது பிரஷர் பார்க்கிற மெஷின். இதற்கு எதுவும் எழுத வேண்டியதில்லை என்றேன். எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தீர்களே என்று அவர் நகரவில்லை. பிரஷர் எவ்வளவு வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.